நொடிமுள்

ஓல்ரன் ஸ்டேஷன் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா?
சிவப்பு நொடிமுள் ஒரு சுற்றை முடித்துப்
பன்னிரண்டில் வந்து நிற்கும்.
ஒன்றரை நொடி. அசையாது.
பிறகுதான் நிமிடமுள் துள்ளும், இதுவும் கிளம்பும்.

நானும் அப்படித்தான்.
நிற்கத் தெரிந்தவன்.

மேடையின் கடைசியில், சைக்கிள்களுக்குப் பின்னால்
ஈயத்தாளும் லைட்டருமாய்க் குந்தியிருக்கிறார்களே,
அவர்களுக்குத்தான் அது தெரியாது.
என்னிடம் கணக்கு இருக்கிறது.
அபிசனா மூன்றாம் வகுப்பில் பாதி எழுதி விட்டுப்போன
கட்டம் போட்ட கொப்பியில்
பின்பக்கத்திலிருந்து எழுதிவருகிறேன்,
திகதி, நேரம், எத்தனை.
கணக்கு வைத்திருப்பவனை
யாராவது அடிமை என்பார்களா?

தொடக்கம் முதுகுதான்.
கடைசி ரயில் வந்து படுத்த பிறகு
இருக்கைக்கு அடியில் குனிந்து குனிந்து
பியர் போத்தலும் சப்பித் துப்பியதும் பொறுக்கி
நாலாம் எலும்புக்குக் கீழே ஏதோ பிதுங்கிவிட்டதாக
டொக்டர் படத்தில் காட்டினார்.
குளிசை தந்தார். வலி போனது.
போகும்போது
விசாக் கடிதத்தையும் வட்டிக்காரன் குரலையும்
கூடவே கூட்டிக்கொண்டு போனது.
அவற்றுக்கு நான் மருந்து கேட்கவே இல்லை.

வேலைக்குப் பிறகு மட்டும், அதுதான் முதல் விதி.
மாற்றியதும் நானே:
முதுகு குனிவது வேலைக்குள் அல்லவா?
ஒரே டொக்டர் என்பது அடுத்தது.
ஆராவில் இருப்பவர் இரண்டாவது அபிப்பிராயம்.
இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது நல்லதென்று
இந்த நாட்டுக்காரரே சொல்வார்கள்.
வீட்டுக்குள் எடுப்பதில்லை.
குளியலறை வீட்டில் சேராது.

நிரோஜினி ஒருநாள் வெறும் அட்டையை நீட்டினாள்.
"பனிச் சப்பாத்துக்குள்ளை கிடந்தது. என்ன இது?"
முதுகுக்கு என்றேன்.
"சப்பாத்துக்கும் முதுகு இருக்கோ?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றே விட்டேன். பாருங்கள், விட்டேன்.
கொப்பியில் ஒன்பது வெறும் கட்டம்.
கால் தன்பாட்டில் உதறியது,
ஜூலை வெயிலில் இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டியது.
காய்ச்சல் என்று சொன்னேன்.
சொன்னதை முதலில் நம்பியதும் நான்தான்.
பத்தாம் நாள் ஒன்று எடுத்தேன்.
ஒன்பது நாள் வென்றவனுக்கு
ஒரு பரிசுகூட இல்லையா?

இப்போது இரு டொக்டர்களும் எழுதித் தருவதில்லை.
ஆரே ஆற்றின் மரப்பாலத்தடியில் ஒருவன்,
பேர் கேட்டதில்லை.
அவன் தருவது குளிசை அல்ல.
அதற்கு ஈயத்தாள் வேண்டும்.
சமையலறையில் ஒரு சுருள் இருக்கிறதுதானே.
ஆனால் நான் மேடையில் குந்துவதில்லை.
விளக்கணைந்த முதல் வகுப்பில்
இருக்கையில் இருந்துகொண்டு.
வித்தியாசம் உண்டு.

நேற்று ஆர்பென்,
மணிக்கூடு திருத்த வந்தவனிடம் கேட்ட கதையைச் சொன்னான்.
அந்த முள் நிற்பதே இல்லையாம்.
கொஞ்சம் அவசரமாக ஓடி
முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டு
எங்கிருந்தோ கம்பிவழி ஒரு துடிப்பு வரும்வரை
காத்துக்கொண்டிருக்குமாம்.
வந்துவிட்டால்
ஓடாமல் இருக்க அதால் ஏலாதாம்.

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன்.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
பாலத்தடியான்.
வாளியை எந்தப் பெட்டியில் வைத்தேன் என்று
இன்றைக்கும் நினைவில்லை.

கொப்பியில் இன்னும் நாலு பக்கம் இருக்கிறது.
முன்பக்கத்திலிருந்து
அபிசனாவின் பெருக்கல் வாய்ப்பாடு
என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது,
ஒவ்வொரு வரிக்கும் ரீச்சரின் சிவப்புச் சரியோடு.
அவளைத் தொடும் இடத்தில் நிறுத்திவிடுவேன்.
இது சத்தியம்.

மிக்ரோவில் ஒரு கொப்பி பார்த்து வைத்திருக்கிறேன்,
கட்டம் போட்டது.
இதைவிடத் தடிப்பு.