மிஞ்சிய போல்ட்

ஏழு குளிர்காலம் ஷெட்டில் கட்டிய கார்.
முடித்த அன்று தரையில் ஒரு போல்ட் மிஞ்சியது.
எதற்கானது?
இட்வால் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆங்கிள்சி ஓடுதளத்தில் கடற்காற்று பக்கவாட்டில் தள்ள,
ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு
கழன்று விழப்போவது எதுவென்றே ஓட்டினான்.
எதுவும் விழவில்லை.
கடைசியாக வந்தான், அது வேறு விஷயம்.

திரும்பும்போது லான்பெரிஸ் கணவாயில் மழை.
கூரையில்லாத பதினோரு கார்கள்,
ஆளாளுக்கு மடியில் ஒரு குளம்.
நெஸ்டாவின் புகைக்குழாய் மட்டும்
தாரில் உரசித் தீப்பொறி கக்கியபடி வந்தது.
"ஒரு போல்ட் போச்சு" என்றாள்,
குனிந்து பார்த்து.

அளவு
அப்படியே பொருந்தியது.
எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

மடியில் இப்போது கனமில்லை.
வழியெல்லாம்
அதே பயம்.
வளைவு வந்தால் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டிறங்கி
வெறும் பையைத் தடவுகிறது.