கதவு தெற்கே

கப்பல் ஏறி நீ போன மறுநாள்
கொட்டகையில் மிஞ்சிய பலகைகளை எண்ணினேன்.
பதினேழு. இரண்டில் விரிசல்.
ஒன்றின் முதுகில் உன் பென்சில் கூட்டல்,
எந்த வீட்டுக்குப் போட்ட கணக்கோ, விடை தப்பு.

தைவோ, துர்க்குவில் நீ
யார் வீட்டுக்கோ கூரை போடுகிறாய்.
வோருவில் நான்
மூன்று முயல்களுக்குச் சுவர் வைக்கிறேன்.

இடுப்புயரத்துக்கு நான்கு கால்கள்.
பனி ஏறும், நரி எக்கும், இரண்டுக்கும் எட்டக் கூடாது.
வாடைக்கு முதுகு காட்டி வடக்கே இரட்டைப் பலகை,
இடையில் வைக்கோல் திணிப்பு.
கதவு தெற்கே.
வெயில் என்று ஒன்று மதியத்தில்
எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமே, அதற்காக.
கூரைச் சரிவைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.
சிரிக்காதே. பனி வழுக்கி விழுகிறது. அது போதும்.

தீவனக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மைமு,
ஊதா நகப்பூச்சுக்காரி,
"குளிர் கொல்லாது, ஈரம்தான் கொல்லும்" என்றாள்
சில்லறை எண்ணிக்கொண்டே.
காதில் போட்டுக்கொள்ளவில்லை நான்.
முதல் உறைபனி இரவில் பயந்துபோய்
இண்டு இடுக்கெல்லாம் அடைத்தேன்:
பழைய கம்பளி, தார்ப்பாய்,
ஜன்னலுக்கு வாங்கிய நுரை, உன் கிழிந்த சட்டை.
ஒரு மூச்சுகூட வெளியே போகாது என்று
பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினேன்.
நீ கட்டைவிரல் காட்டினாய்.

நான்காம் நாள் கதவைத் திறந்தால்
மூத்திர நெடி கண்ணைக் கரித்தது.
கூரையின் உட்புறம் முழுக்க வெள்ளை முட்கள்.
அவை விட்ட மூச்சே மேலேறி உறைந்து
சொட்டுச் சொட்டாய் அவற்றின் முதுகிலேயே.
ஹெல்பே தும்மியது.
முயல் தும்மி நீ கேட்டதில்லை,
நமுத்த தீக்குச்சியை உரசுவது போலிருக்கும்.

அன்றே உன் ரம்பத்தை எடுத்து
கூரையோரம் நெடுக ஒரு கையகலம் அறுத்தேன்.
ஆசை ஆசையாய் அடைத்ததை எல்லாம் பிடுங்கினேன்.
உன் சட்டை இப்போது ஆணியில் தொங்குகிறது,
காற்று வருகிறதா என்று பார்க்க.

ரப்பர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து மிதித்தால்
பனிக்கட்டி முழுசாய்க் கழன்று விழும்.
காலை, மதியம், மாலை.
வேலியோரம் அடுக்கிவைக்கிறேன், இதுவரை நாற்பத்தொன்று.
பகல் குறைந்தால் பெண்முயல் ஆணுக்கு இசையாதாம்,
அதனால் ஒரு விளக்கு, இரவு ஒன்பது வரை.
மின்கட்டணம் வரும்போது பேசிக்கொள்வோம்.

ஆணின் கூண்டில் ஹெல்பேயை விட்டது ஜனவரி பன்னிரண்டு.
முப்பத்தோராம் இரவு, சுழிக்குக் கீழே இருபத்தாறு.
தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கிப்
பெட்டியில் வைக்கோல்மேல் பரப்பியது.
நான் செய்த பெட்டியை நம்பவில்லை போலும்.
நம்பியும் செய்ததோ என்னவோ.

ஆறு குட்டிகள் உள்ளே. பார்க்க முடியாது,
ரோமம்தான் மூச்சுவிட்டது.
ஏழாவது வெளியே, கம்பித்தரையில்,
நீலம் பாரித்து, பிடுங்கிப்போட்ட கிழங்குபோல.
சூடேறியும் அசையாவிட்டால்தான் செத்ததாகக் கணக்கு.
சட்டைக்குள் போட்டுக்கொண்டேன், மார்புக்கு நடுவே.
ஐஸ் துண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு
அடுப்படியில் நின்று உருளைக்கிழங்கு உரித்தேன்.

அப்போதுதான் நீ அழைத்தாய்.
எட்டுப் பேர் ஓர் அறையில், ஹீட்டர் ஓயாமல் எரிகிறது,
விடிந்தால் தலைவலி என்றாய்.
ஜன்னலைத் திறந்து வை, ஒரு கையகலம் என்றேன்.
குளிருமே என்றாய்.
குளிர் கொல்லாது என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை.
பிறகு, ஈஸ்டருக்கும் வர முடியாது போலிருக்கிறது என்றாய்.

நான் பதில் சொல்லவில்லை.
கோபம் என்று நினைத்திருப்பாய்.
இல்லை தைவோ.
சட்டைக்குள் ஏதோ ஒன்று
என்னை நகத்தால் கீறியது.

அசையாமல் நின்றேன்.
உருளைக்கிழங்கு அடிபிடிக்கும் வாசனை.
யார் போய் இறக்குவது.