பங்குக் கணக்கு

கையெழுத்து இருபத்தோராயிரத்துக்கு,
கையில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
நடுவில் உள்ள பணம் பாம்பன் தூக்குப்பாலம்:
கப்பல் வந்தால் திறக்கும் என்கிறார்கள்.
எனக்காக ஒருநாளும் திறந்ததில்லை.

இந்த வருஷம் தாளாளர் புதிதாக ஒன்று சொன்னார்.
பத்தாம் வகுப்பில் எல்லாரும் தேறினால்
ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் ஊக்கத்தொகை.
ஒருத்தன் குறைந்தாலும் யாருக்கும் கிடையாது.
'கூட்டுப் பொறுப்பு' என்று கரும்பலகையில் எழுதி
இரண்டு தரம் அடிக்கோடு போட்டார்.
அன்று மட்டும் தேநீரோடு வடை வந்தது.

முப்பத்தொரு பேர்.
முப்பது பேரைப் பற்றிப் பேச்சே இல்லை.
நம்புராஜன், தெற்குவாடி.
கச்சான் அடித்தால் பள்ளிக்கு வருவான்,
காற்று விழுந்தால் அப்பாவோடு நண்டுவலைக்கு.
வருகைப் பதிவேட்டில் அவன் வரியைப் படித்தால்
அந்த வருஷத்துக் காற்று முழுவதும் தெரியும்.

அரையாண்டில் கணக்கு பதினொன்று.
பெயர்ப்பட்டியல் அனுப்ப இன்னும் ஒன்பது நாள்.
'அவங்க அம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க மேடம்.
தனித்தேர்வரா எழுதட்டும். அவனுக்கும் நல்லது.'
அந்த 'உம்' யாரையெல்லாம் சேர்க்கிறது என்று
தமிழாசிரியை ஜெஸிந்தா விளக்கியிருக்கலாம்.
அவள் அடகிலிருந்த வளையலை நினைத்துக்கொண்டிருந்தாள்.
நானும் நினைத்தேன்.
என் வீட்டிலும் வாடகைக்குத் தேதி உண்டு.

முத்திருளாயி பாசி எடுத்துவிட்டு
அப்போதுதான் கரையேறியிருந்தாள்.
முக்குளிக்கும் கண்ணாடி நெற்றியில்,
பத்து விரலிலும் கிழித்துச் சுற்றிய துணி.
ஈரமூட்டையின் மேல் படிவத்தை விரித்தேன்.
'இதுல உங்களுக்கு என்ன பங்கு டீச்சர்?'
பகையில்லை குரலில்,
வந்த படகிடம் மீன்பாடு விசாரிப்பதுபோல்தான் கேட்டாள்.
சொன்னேன்.
'ஒரு மாசச் சம்பளமா? பெரிய பங்குதான்.
இருங்க, துணிய அவுத்துட்டுப் போடுறேன்.'
ஒவ்வொரு விரலாக அவிழ்த்தாள்.
நான்காவது விரலில், வேண்டாம் என்றேன்.
இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசை.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் உண்மை.

கடலோரப் பிள்ளைகள் கணக்கில் பிறவிக் கெட்டிகள் என்று
பயிற்சி வகுப்பில் ஒருவர் சொன்னார்.
நம்புவுக்குக் கரையிலும் கணக்கு வராது.
நண்டுக் கம்பெனிக்காரர் சொல்வதே விடை,
வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான்.

எழுதினான். மே மாதம் வந்தது.
நான்கு பாடம் தேர்ச்சி.
கணக்கு, என் பாடம், முப்பத்திரண்டு.
மூன்று மதிப்பெண்ணில்
ஒன்பது பேரின் ஒரு மாதம் போனது.
யாரும் என்னைத் திட்டவில்லை.
ஜெஸிந்தா தன் டம்ளரை
அடுத்த மேசைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.
வாசல் பேனரில் தாளாளர்
தொண்ணூற்றாறு புள்ளி ஏழு ஏழை
தொண்ணூற்றேழு என்று முழுதாக்கினார்.
அந்தக் கால் சதவீதத்துக்கும் குறைவானதை
யார் கணக்கில் எழுதினார் என்று கேட்கவில்லை.

ஜூனில் ஒரு மாலை
துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிய ரசீதோடு
இன்னொரு சீட்டையும் நீட்டினான்.
நண்டு வாசனை.
ஏழே முக்கால் கிலோ, கிலோ முந்நூற்று நாற்பது,
அடியில் இரண்டாயிரத்து நானூற்று எண்பது.
'சரியா மிஸ்?'
'நீ போட்டுப் பாரு.'

சீட்டின் பின்பக்கம் போட்டான். அடித்தான்.
நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டான்.
இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து.
பத்து ரூபாய் பிசகு.
ஆனாலும் முதல்முறையாக
அவன் தப்பு
கம்பெனிக்காரரின் தப்பைவிடச் சின்னது.

'இன்னொரு தடவை' என்றேன்.