பன்மை

செவ்வாய்க்கிழமை இரவுகளில்
துக்குமான் தெருக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
துணி வெட்டும் மேசையின் மீது
பெயர்களைப் பிரித்துப் போடுவார்கள்:
அப்பா, மருந்துக்கடை சக்கால்,
பொத்தான் வியாபாரத்தை மருமகனிடம் விட்டுவிட்ட நிசிம் ஷாமா,
எதற்கும் ஓர் இலக்கணம் வைத்திருக்கும் வாத்தியார் லெவின்டன்.

போன வாரம், பெத்லகேமின் தகப்பன்.
ஊருக்கு ஒருவன் எப்படித் தகப்பனாவான்?
குடியேற்றியவன் என்றார் வாத்தியார்.
வாடகை வாங்கியவன் என்றார் சக்கால்.
சிரித்த சிரிப்பில் ஏலக்காய்க் காபி
பாப்ளின் சுருளில் கொட்டியது.
மூன்று மீட்டர். கணக்கில் நான்தான் கழித்தேன்.

இந்த வாரம் சேசான்.

பெனே சேசான் என்கிறது பட்டியல். சேசானின் மைந்தர்.
பிறகு ஒரே ஒரு பெயர்: அக்லாய்.
மூன்று வரி தள்ளி அதே பட்டியல்
சேசானுக்கு மைந்தரே இல்லை, பெண்கள்தான் என்கிறது.
அதில் ஒருத்தியை
யர்கா என்ற எகிப்திய வேலைக்காரனுக்குக் கொடுத்தானாம்.

"மைந்தர் செத்திருப்பார்கள்." இது ஷாமா.
"எழுதியவன் தூங்கியிருப்பான்." சக்கால்.
"பெனே என்றால் மைந்தர் மட்டுமல்ல, மக்கள்.
ஒருத்தி மட்டும் இருந்தாலும் பன்மையில் எழுதுவது
பட்டியலின் பழக்கம்."
லெவின்டன் விரலால் மேசையில்
பெத், நூன், யோத் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பா மட்டும் பேசவில்லை.
அவர் தலைக்கு மேலே, வெளியே, தெருவைப் பார்த்தபடி
இருட்டில் பலகை இருக்கிறது:
துவேக் எ ஈஹோஸ்.
துவேக்கும் மகன்களும். மொத்த விலை, சில்லறை.

மகன்கள் இல்லை.
நான் இருக்கிறேன், பெர்லா.
ரோசாரியோவில் பல் பிடுங்கும் எஸ்தெர் இருக்கிறாள்.
என் கணவன் எலிஹியோ பராகுவேக்காரன், சரக்கு இறக்க வந்தவன்.
மேசையில் யர்காவின் பெயர் விழுந்ததும்
நான்கு பேரும் ஒரே நேரத்தில்
கோப்பைக்குள் பார்த்தார்கள்.

கத்தரியை வைத்துவிட்டுச் சொன்னேன்:
ராஜாவின் வீரர் பட்டியலைப் புரட்டுங்கள்.
அங்கே ஒரு சாபாத். யாருடைய மகன்?
அக்லாயின் மகன்.
இப்போது யர்காவின் வழியை எண்ணுங்கள்.
அத்தாய், நாத்தான், சாபாத்.
மூன்று தலைமுறை கழித்துப் பிறந்தவன்
நடுவில் நிற்கும் ஆண்களையெல்லாம் தாண்டிப் போய்
அவள் பெயரை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறான்.

லெவின்டன் கண்ணாடியைக் கழற்றினார்.
"அது வேறு அக்லாயாக இருக்கலாம்."
"இருக்கலாம்," என்றேன். "வேறு சாபாத்தாகவும்."

அதோடு விட்டிருக்கலாம்.
ஆனால் அவர், பாவம், விடத் தெரியாதவர்,
அந்தப் பெயரின் மெய்யை அப்படியே வைத்துக்கொண்டு
உயிரை மட்டும் மாற்றிப் படித்தார்.
அகலாய்.
அது பெயரே இல்லை, ஒரு பெருமூச்சு.
ஆகாதா, அப்படி ஆகியிருக்கக் கூடாதா.

சேசானின் மைந்தர்:
இருந்திருக்கக் கூடாதா.

ஷட்டருக்கு அடியில் ஒரு பேருந்தின் வெளிச்சம்
தரையைத் தடவிக்கொண்டு போனது.
பலகை எழுதிய வருடம் எனக்குத் தெரியும்.
அம்மாவைக் கட்டிய வருடம்.
எஸ்தெரும் இல்லை, நானும் இல்லை.

வெள்ளிக்கிழமை பெயின்டர் வந்தான்.
ஜூலைக் குளிரிலும் மழையிலும் பலகை உரிந்துகிடந்தது.
ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டார்,
ஓர் எழுத்துக்கு எவ்வளவு?
எந்த எழுத்தானாலும் ஒரே விலைதான், தொன் எலியாஸ்.

ஸ்பானியத்தில் மகன்களை மகள்களாக்க
ஓர் எழுத்து போதும். ஓ இருந்த இடத்தில் ஆ.
அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.
"இலக்கணப்படி," என்றார் என்னிடம்,
"நீங்களும் அதற்குள் அடக்கம்தான்."
"தெரியும் அப்பா."
"பழையபடியே எழுது," என்றார் அவனிடம்,
கழுத்தைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

காபிக் கறை பட்ட மூன்று மீட்டர் பாப்ளினைக் கிழித்து
துடைக்கக் கொடுத்தேன்.
அவன் ஓ-விலிருந்து தொடங்கினான்.
அதில்தான் உரிசல் அதிகம்.