அவுட்பாக்ஸில் ஒன்று

"இது கோப்பே அல்ல" என்கிறது கணினி,
ஆறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய
மின்னஞ்சல் மூட்டையைப் பார்த்து.

ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒரு காகிதம் வேண்டும்.
அந்தக் கம்பெனியில் நான் பங்காளி,
சம்பளக்காரி அல்ல என்பதற்கு.
அதற்காகத்தான் பனிக்காலக் காலணிகளுக்கு அடியிலிருந்து
இந்தப் பழைய பெட்டியை இழுத்து வந்தேன்.
உள்ளிருக்கும் விசிறி முதலில் இருமியது,
பிறகு பழகிக்கொண்டது.

கிளைபேடாவில் அக்டோபர்.
ஸ்மில்டினேயிலிருந்து கடைசிப் படகு திரும்பும் சத்தம்.
ஜன்னல் இடுக்கில் துண்டைச் செருகிவிட்டு
பழுது நீக்கும் நிரலை ஓடவிட்டேன்.
முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள் என்றது.
உடைந்ததற்கும் நகலா?
கேட்க ஆளில்லை. எடுத்தேன்.

மொத்தம் எட்டுக் கட்டம்.
மூன்றாவதில் நாற்பது நிமிடம் அசையவில்லை.
தேநீர் ஆறியது, சுடவைத்தேன், மறுபடி ஆறியது.
ஏழாவதில் பச்சைப் பட்டை பின்னால் நகர்ந்த மாதிரி இருந்தது;
என் கண்ணாகவும் இருக்கலாம்.

விடியுமுன்
'தொலைந்தவை, கிடைத்தவை' என்றொரு கோப்புறை.
உள்ளே நாலாயிரத்துச் சொச்சம்.
தலையில்லா முண்டங்கள் பாதி.
மீதியில் பெயர் இருக்கும், பேச்சு இருக்காது.
சிலதில் இணைப்பு மட்டும்:
மரம் ஏற்றிய கப்பலின் சரக்குப் பட்டியல்,
யாருடையதோ ஒரு பல் எக்ஸ்ரே.
ஒன்றன் வாலில் ஒன்று தொடங்கி
அந்தாதியாய்ப் போன பேரங்கள் நடுவில் அறுந்து,
"சரி, அப்படியே செய்யுங்கள்" என்று
எதற்கோ சம்மதித்திருக்கிறேன்.

காகிதம் கிடைத்தது.
பங்கு ஒப்பந்தம், முத்திரையோடு,
ஆல்கிஸின் சாய்ந்த கையெழுத்தோடு.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அவுட்பாக்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
தடித்த எழுத்தில் 1.

"மூடிவிடலாமா, வசந்தம் வரை பார்க்கலாமா?" என்று
ஆல்கிஸ் கேட்டதற்கு என் பதில்.
மூன்றே வரி.
பார்க்கலாம்.
பிப்ரவரி வாடகையை நான் கட்டுகிறேன்.
அந்த நார்வேக்காரரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்த வகைக் கோப்புக்கு
இரண்டு ஜிகாபைட்தான் உச்சவரம்பு என்று
இன்றிரவுதான் படித்தேன்.
அன்று அது நிரம்பிவிட்டிருக்கிறது.
என் மூன்று வரி வாசற்படி தாண்டவில்லை.
மக்கர் பண்ணுகிறது என்று
அடுத்த வாரமே புதுக் கணினி வாங்கினேன்.
அவர் பத்து நாள் பொறுத்திருந்து மேசையைக் காலி செய்தார்,
மொழிபெயர்த்த சான்றிதழ்களை அடுக்கி,
சாவியை மேலே வைத்து.

வாய் திறக்காமல் போன மனுஷன் என்று
துறைமுகம் முழுக்க நான் சொல்லித் திரிந்த மனுஷன்.
மீன் சந்தையில் எதிரே வந்தால்
அடுத்த வரிசைக்கு மாறிவிடுவேன்.
அவரும் மாறுவார்.
அவர் எதற்கு மாறவேண்டும் என்று
பதினாறு வருடத்தில் ஒரு தரம்கூட யோசித்ததில்லை.

பழுது நீங்கிய நிரல் இப்போது
விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குகிறது.
திரையின் கீழ் ஓரத்தில்: இணைக்கிறது.
பழைய கடவுச்சொல்லை மறுமுனை இன்னும் ஏற்கிறது போலும்.
அனுப்புகிறது, ஒன்றில் ஒன்று.

கேபிள் என் காலடியில்.
கட்டைவிரலால் அந்தக் கொக்கியை அழுத்தினால்
கழன்றுவிடும்.
குனிந்தேன்.

குனிந்தவாக்கில் பார்க்கிறேன்,
பிப்ரவரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.
திருத்த நேரமில்லை.