எண்பதாயிரம் பெசோவுக்கு இரண்டு காதுகள்

வல்பரைசோவில் எல்லா வீடும் சரிவில்தான் நிற்கிறது.
எங்கள் ஒலிப்பதிவு அறையும் அப்படியே:
ஒரு பென்சிலைத் தரையில் வைத்தால்
யஸ்னாவின் பாஸ் டிரம்வரை உருண்டு போகும்.
சுவர் தகரம். கூரை தகரம்.
கையில் எண்பதாயிரம் பெசோ,
பழைய பிரிட்ஜை விற்ற காசு.

பாஸ் டிரம்முக்கு ஒரு மைக் இருந்தது, ஸ்னேருக்கு இன்னொன்று,
இரண்டும் அடி தாங்கும் ரகம்.
தலைக்கு மேலேதான் யாருமில்லை.
சிம்பலில் விழுந்த அடி
கூரைக்குப் போனது, துறைமுகத்துக்குப் போனது,
பதிவுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

ஆனைவிலை சொல்லும் கடையில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
வெல்வெட் பெட்டிக்குள் ஜோடியாகப் படுத்திருந்தன,
தொழிற்சாலையிலேயே பொருத்தம் பார்த்து முடித்த
மாப்பிள்ளையும் பெண்ணும் போல.
அந்த விலைக்கு ஒரு கார் வாங்கலாம்,
ஓடாத கார்தான் என்றாலும்.

ஞாயிற்றுச் சந்தையில் ஒலெகாரியோ,
ஷவர் குழாய், பல்செட், கிராமபோன் முள் விற்கிறவர்,
ஒரு ரிப்பன் மைக்கை நீட்டினார்.
"கத்தினாலும் கோபிக்காது" என்றார்.
சுரைக்காய்க் கனம்.
ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று எங்கே?
"அதைக் கடலிடம் கேள்."
உள்ளே இருப்பது மயிரிழை அலுமினியம், ஊதினால் கிழியும்.
ஊதிப் பார்க்க முடியாத பொருளை
எதை நம்பி வாங்குவது?

கடைசியில் சுருட்டு அளவில் இரண்டு,
பெயர் தெரியாத கம்பெனி,
பெட்டியின் மேலேயே எழுத்துப்பிழை,
எழுபத்திரண்டாயிரம்.
மிச்சத்துக்கு மீன் எம்பனாடா நான்கு.

யஸ்னா ஷூ லேஸை அவிழ்த்துத் தந்தாள்.
ஸ்னேரின் நடுவிலிருந்து இந்த மைக்குக்கு இரண்டு முழம்,
அந்த மைக்குக்கும் அதே இரண்டு முழம்.
பிசகினால், ஒரு காதுக்கு முன்னும்
மறு காதுக்குப் பின்னும் வந்து சேர்கிற அடி
தன்னைத்தானே தின்றுவிடும்,
ஸ்னேர் காய்ச்சலில் கிடந்தது போல் இளைத்துப்போகும்.
காதும் காதும் வைத்தாற்போல் என்பார்களே,
அது இவ்வளவு கஷ்டமென்று
அன்றுதான் தெரிந்தது.

முதல் பதிவு.
சிம்பல் வந்த இடமெல்லாம்
எவரோ தகரத்தட்டில் கல்லுப்பைக் கொட்டினார்கள்.
நான் மைக்கைத் திட்டினேன். கம்பெனியைத் திட்டினேன்.
கம்பெனியின் எழுத்துப்பிழையைத் திட்டினேன்.
அவள் படுக்கையிலிருந்து கம்பளியை உருவி
கூரையில் ஆணியடித்தோம்.
உப்பு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

யஸ்னா ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.
வலப்பக்க கிராஷில் ஒரு விரிசல் உண்டு,
மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில்
அவளே துளை போட்டிருக்கிறாள்.
அந்த விரிசலை அன்றுதான்
வெளியே நிற்பவளாகக் கேட்டாள்.
"பதினோரு வருஷமாக இப்படியா அடித்துக்கொண்டிருக்கிறேன்?
ஒருத்தரும் சொல்லவில்லையே."
சொன்னோம்.
நாங்கள் சொல்லும்போது அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி உட்கார்ந்தாள்.
கிராஷை நாலு விரல் தாழ்த்தினாள்.
கம்பைத் தோளிலிருந்து இறக்காமல்
மணிக்கட்டிலிருந்து விட்டாள்.
ஸ்னேருக்கு மட்டும் பழைய கோபம்.
அதே மைக், அதே தகரம், அதே எழுத்துப்பிழை.
டாம்கள் இடமிருந்து வலமாக
இந்த ஊர்ப் படிக்கட்டில் மூட்டை உருள்வது போல
ஒவ்வொரு படியாக இறங்கி வந்தன.
நான் எம்பனாடாவைக் கீழே வைத்தேன்.

மூன்றாவது பாட்டில், கம்பு இரண்டையும்
அவள் காற்றில் நிறுத்தியிருக்கும் இடத்தில்,
துறைமுகத்தில் ஒரு கடல்சிங்கம் குரைத்தது.
இடது மைக்கில் சற்று அதிகம்,
கடல் அந்தப் பக்கம்தான்.

வெட்டிவிடவா என்றேன்.
"முதலில் தாளத்தில் குரைத்ததா பார்."
பார்த்தேன். அரை மாத்திரை முந்திவிட்டது.
யஸ்னா கம்பைத் துடைத்துக்கொண்டாள்.
"சரி, இன்னொரு தடவை எடுப்போம்.
அதற்கும் பழக வேண்டுமில்லையா."