கடைசியாகச் சேமித்தது

என் கட்டம் ஒன்று முப்பது கிலோமீற்றர்.
கோட்டை, கிண்ணியாப் பாலம், கொட்டியாரக் குடா,
மூதூர் லோஞ்சின் பயணம் முழுவதும்
ஒரே எண்ணுக்குள் அடங்கிப்போகும்:
இருபத்தெட்டு தசம் ஆறு.

தெற்கே, பனியின் விளிம்பில், விழுகிற நீரோ
ஒரு கிலோமீற்றர்கூட அகலமில்லை.
என் வலைக்கண்ணுக்குள்ளால் நழுவிவிடும்.
ஆகவே ஒரு வரி எழுதினேன்:
மேலது கனமென்றால், கீழது இலேசென்றால்
இரண்டையும் கலந்துவிடு.
அதில் விழுதல் இல்லை.
தீர்ப்பு மட்டும்.

தலை சூடாகி இறங்குதுறைக்குப் போனேன்.
அருளப்பு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார்.
செதிலும் இரத்தமுமாய்க் குளிர்நீர்
தாழவில்லை;
எண்ணெய்போல் படகடியில் படர்ந்து கிடந்தது.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
"ஐஸ் தண்ணியெல்லே, உப்பெங்க அதில?"
பெட்டியைத் தட்டியபடி அவர்.

அங்கே கடல் உறைகையில்
பனி தன் உப்பைத் துப்பிவிடுகிறது.
குளிர் மட்டும் போதாது மூழ்குவதற்கு.

இரவு உப்பைத் திருத்தி ஓடவிட்டேன்.
கணினி அனல் கக்க, சட்டை முதுகில் ஒட்ட,
திரையில் ஒரு நீலம்
தரையோடு தரையாய் வடக்கே ஊர்ந்தது.
மேடு கண்டால் ஒதுங்கும்,
பள்ளம் கண்டால் நிரம்பும், பிறகு வழியும்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டு,
வங்கக் கடலின் வாசலில் அது நிற்கக்
கரண்ட் போனது.

ஜன்னலைத் திறந்தேன்.
கோணேசர் மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை.
எவன் ஆட்சியில் புறப்பட்ட நீரோ,
வெளியே, ஆழத்தில்,
கரண்ட் இல்லாமலே வந்துகொண்டிருந்தது.

நான் கடைசியாகச் சேமித்தது இருநூறாம் ஆண்டு.
அங்கிருந்து மறுபடி.